கீழிருந்து வீசிய பந்து

தொழில்முறைக் கூடைப்பந்தில் ஜீவிதாவின் முதல் சீசன் ஒரு கேலி வீடியோவாக முடிந்தது.

லீக்கின் அரையிறுதி ஆட்டம், கடைசி நொடிகள். கொச்சி அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கூடைக்கடியில் பந்தைப் பிடித்த ஜீவிதாவின் கையில் கொச்சிக்காரி ஒருத்தி ஓங்கி அடிக்க, ரெஃப்ரி விசில் ஊதினார். ஃபவுல். இனி ஜீவிதா கோட்டில் நின்று, யாரும் குறுக்கே வராமல், இரண்டு முறை கூடையை நோக்கிப் பந்தை எறியலாம். இரண்டும் விழுந்தால் சென்னை அணிக்கு வெற்றி. முதல் பந்து வளையத்தில் மோதித் தெறித்தது. இரண்டாவது வளையத்தைத் தொடக்கூட இல்லை. அதற்கு யாரோ சினிமா வசனத்தைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட, அவள் பாலுசெட்டி சத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் அவள் ஊர் திருப்புட்குழி முழுக்கப் பார்த்து முடித்திருந்தது.

அவள் உயரம் ஆறடியைத் தாண்டியது. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டும் அப்பா ராமலிங்கத்தின் வழியில் வந்த உயரம். காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில், கையைத் தூக்கினாலே கூடைக்குப் பக்கம் என்றுதான் அவளை டீமில் சேர்த்தார்கள். சேர்ந்த பிறகுதான் அவள் கால்களின் வேகம் தெரிந்தது. கல்லூரி அணி, மாநில அணி என்று ஏறி, படிப்பு முடிந்த கையோடு சென்னை அணியில் ஒப்பந்தமானாள். கூடைக்கடியில் அவளை யாராலும் மறிக்க முடியவில்லை. ஆனால் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ மட்டும் வரவே வரவில்லை. இதைக் கண்டுகொண்ட எதிரணிகள், அவள் கைக்குப் பந்து வந்தாலே அடித்தார்கள். கோட்டில் நிறுத்தினால் தானே கோட்டைவிடுவாள் என்ற கணக்கு. அது ஒவ்வொரு முறையும் பலித்தது.

வீட்டுக்கு வந்தவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா பெரியநாயகி ஊராட்சி வார்டு மெம்பர். குள்ளமான உருவம், ஊரைக் கூட்டும் குரல். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

"சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். நீ ஏன்மா உள்ளயே குந்திக்கினு இருக்கிற? மாடி ரூமுக்குக் கல்லு ஏத்தணும். சித்தாளு ஒருத்தி வரல. வா."

கொத்தனார் கைலாசம் சாரத்தின் மேல் நின்றிருந்தார். கீழே நிற்பவர் செங்கல்லை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவிலிருந்து மேலே வீச வேண்டும், அவர் பிடித்து அடுக்குவார். ஜீவிதா வீசத் தொடங்கினாள். நாலைந்து கல் போனதும் கைலாசம் சிரித்தார்.

"கண்ண மூடிக்கினே புடிக்கலாம் போல இருக்குதேமா!"

அடுத்த கல்லைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். கோட்டில் நின்று தலைக்கு மேல் பந்தைத் தூக்கும்போது அவளுடைய நீண்ட கைகள் தனக்கே இடைஞ்சலாகும். முழங்கை விலகும், மணிக்கட்டு இறுகும், தலைக்குள் ஆயிரம் யோசனை ஓடும். இங்கே யோசனையே இல்லை. கை தொங்குகிறது, ஆடுகிறது, விடுகிறது. இதேபோலப் பந்தைப் போட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆட்ட விதியில் எப்படி எறிய வேண்டும் என்று எதுவும் கிடையாதே.

மறுநாள் மாலை காஞ்சிபுரம் மைதானத்துக்குத் தோழி சங்கரியை வரச் சொன்னாள். சங்கரி பிள்ளையார்பாளையத்துப் பெண். கல்லூரி அணியில் அவளோடு ஆடியவள், இப்போது பகலெல்லாம் வீட்டில் பட்டு நெய்கிறாள். ஜீவிதா கோட்டில் நின்று, பந்தை இரண்டு கையாலும் முழங்கால்வரை இறக்கி, மேலே வீசினாள்.

"இன்னாடி இது, புள்ளைக்கு ஊஞ்சல் ஆட்டுற மாதிரி!" என்று சங்கரி விழுந்து விழுந்து சிரித்தாள். பந்து உயரே போய், சத்தமே இல்லாமல் வலைக்குள் இறங்கியது. சங்கரியின் சிரிப்பு நின்றது. ஓடிப் போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னொரு தபா போடு."

ஆனி வெயிலில் தொடங்கியது ஐப்பசி மழை வரை ஓயவில்லை. வாக்கிங் வந்தவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சில நாள் பத்துக்கு எட்டு விழும், சில நாள் பாதிகூட விழாது. விழாத நாட்களில் சங்கரிக்குத்தான் கோபம் வரும்.

புதிய சீசனுக்கான பயிற்சியில் அவள் இப்படி எறிவதைப் பார்த்த கோச் தினகரன் முகம் சுளித்தார்.

"டிவியில காட்றாங்கமா. ஜனங்க சிரிப்பாங்க."

"ஏற்கெனவே சிரிச்சிட்டாங்க சார்," என்றாள் ஜீவிதா. "விழுதான்னு மட்டும் பாருங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். பத்துப் பந்து விழுந்ததும் அடுத்த பயிற்சிக்கு விசில் ஊதினார்.

முதல் ஆட்டமே கொச்சியில். வழக்கம்போல அடித்தார்கள், விசில் ஊதியது. அவள் பந்தைக் கீழே இறக்கியதுமே அரங்கம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பந்து விழவும் இல்லை. சிரிப்பு இரட்டிப்பானது. அவளுக்குப் பழையபடி தலைக்கு மேல் தூக்கிவிடலாமா என்று ஒரு கணம் கை தவித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கீழிருந்தே வீசினாள். விழுந்தது. அதற்குப் பிறகு அன்று ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியில் சிரிக்க ஆளில்லை.

சீசன் முடியும்போது லீக்கிலேயே அதிக ஃப்ரீ த்ரோ போட்டவள் அவள்தான். அடித்தவர்கள் அடித்து அடித்தே புள்ளிகளைத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள்.

இறுதி ஆட்டம் சென்னையில், அதே கொச்சி அணியோடு. திருப்புட்குழியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு பெரியநாயகி வந்திருந்தாள். சங்கரியும் வந்திருந்தாள். கடைசி நொடிகளில் கொச்சி ஒரு புள்ளி முன்னால். பந்து கூடைக்கடியில் ஜீவிதாவிடம் வந்தது. போன வருடம் அவள் கையில் அடித்த அதே ஆள்தான் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

கொச்சி பெஞ்சிலிருந்து அவர்களுடைய கோச் தொண்டை கிழியக் கத்தினார். "டோன்ட் டச் ஹர்! டோன்ட் டச்!"

ஜீவிதாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்றவள் இரண்டு கையையும் நெருப்பிலிருந்து எடுப்பதுபோல இழுத்துக்கொண்டாள். ஜீவிதா அவசரமே படாமல் திரும்பி, எழும்பி, பந்தைக் கூடைக்குள் வைத்தாள். மணி அடித்தது. சென்னை அணி சாம்பியன்.

பெரியநாயகி படிகளில் இறங்கி ஓடிவந்தாள். தடுப்புக்கு முன்னால் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"நான் அவ அம்மாபா! விடு!"

காவலாளி அவளைக் குனிந்து பார்த்தார், தூரத்தில் நின்ற ஜீவிதாவை நிமிர்ந்து பார்த்தார், நம்பவில்லை.

"எல்லாரும் இதையேதான்மா சொல்றாங்க. உள்ள விட முடியாது."

"ஏய் ஜீவிதா!" என்று பெரியநாயகி போட்ட சத்தம், அத்தனை ஆரவாரத்தையும் தாண்டிக்கொண்டு போனது. ஜீவிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தடுப்புக்கு மேலாகக் குனிந்து, அம்மாவின் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி, இந்தப் பக்கம் இறக்கினாள். காவலாளி வழிவிட்டு நின்றார்.