பாட்டுப் பெட்டிக்கு எத்தனை இஞ்சு ஓட்டை

திங்கட்கிழமைக்குள் என் ஜீப்பில் ஓடும் பாட்டுக்கு "டம்" என்கிற அதிர்வு வந்தாக வேண்டும். வராவிட்டால் என் வண்டியில் வேலைக்கு வரும் பன்னிரண்டு பெண்களும் பச்சை ஜீப்புக்கு மாறிவிடுவார்கள்.

போடியிலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன் நான். எந்த வண்டியில் ஏறுவது என்பதைக் கூட்டம்தான் முடிவு செய்யும். ஒரு நாள் மாறினால் மாறினதுதான், திரும்ப வராது. காய் எடுக்கிற பருவத்தில் கூட்டம் போய்விட்டால், அப்புறம் நானும் ஜீப்பும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பச்சை ஜீப்புக்காரன் புதுசாகப் பாட்டு செட்டு போட்டிருந்தான். அது பக்கத்தில் வந்து நின்றால் என் வண்டிக் கண்ணாடி ஆடும்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவி என்னைவிட நாலு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் சேதி சொன்னார்.

"தம்பி, ஒன் வண்டியில பாட்டு, தகர டப்பாவுக்குள்ள ஈ மாட்டுன மாதிரி இருக்கு. புள்ளைக எல்லாம் பச்ச வண்டிக்குப் போவோம்ங்குதுக. திங்கக்கெழம வரைக்கும் பொறுங்கடின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கவலைய விடுங்கக்கா. திங்கக்கெழம நான் ஆக்சிலேட்டரே மிதிக்க வேண்டாம். பாட்டே வண்டியத் தள்ளிக்கிட்டு மேட்டுக்குப் போயிரும்."

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். கால் நடுங்குவதை யாரும் கவனிக்கக் கூடாதே என்று வாய் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

மைக்செட் வைத்திருக்கும் கூட்டாளியிடம் டம் அடிக்கிற பெரிய ஸ்பீக்கரான பழைய பத்து இஞ்சு வூஃபர் ஒன்றையும், அதை உட்கார வைக்க ஒரு பலகைப் பெட்டியையும் வாங்கினேன். அவன் கோயில் கொடைத் திருவிழா ஒன்றுக்கு ஒலிபெருக்கி கட்ட ஏணியில் நின்றபடியே சொன்னான்: "மாப்ளே, பெட்டிய முழுசா மூடிராத. ஒரு குழாய் சொருகி வாய் விடு. அப்பத்தான் டம் தூக்கும். எத்தன இஞ்சுன்னு சாயங்காலம் வா, சொல்றேன்."

சாயங்காலம் வரை யார் பொறுப்பது? வீட்டுக் கொல்லையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போட்டதில் மிஞ்சிய ரெண்டு இஞ்சுக் குழாய் கிடந்தது. போனில் கணக்குப் போடும் பக்கம் ஒன்றைத் திறந்து பெட்டியின் அளவைக் கொடுத்தேன். ரெண்டு இஞ்சுக் குழாய்க்கு நாலு இஞ்சு நீளம் போதும் என்றது. உள்ளங்கை அகலம்! இவ்வளவு சுலபமான வேலைக்கு ஏணியில் நிற்கிறவன் எதற்கு? அதே பக்கத்தின் அடியில் காற்றின் வேகம் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ சிவப்பாக மின்னியது. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்துப் பாட்டு போட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் ஏற்ற என் மனைவி விடவில்லை. கால்வாசியில் தேனாக இருந்தது.

திங்கட்கிழமை மலையடியிலுள்ள முந்தல் தாண்டியதும், "இப்ப வை தம்பி, முழுசா வை" என்றார் அக்கா. வைத்தேன். பின்சீட்டில் கைதட்டல். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, ராஜா மாதிரி ஏறினேன். ஏழாவது வளைவில் பனி இறங்கியிருந்தது. கண்ணாடியைத் துடைப்பதற்காகச் சற்று வேகம் குறைத்தபோது கேட்டது.

புஸ்.

கொஞ்சம் விட்டு இன்னொரு புஸ். பாம்பு சீறுகிற மாதிரி, நிதானமாக, விட்டு விட்டு.

டயரில் காற்று இறங்குகிறதா? பிரேக் பூஸ்டர் ஓட்டையா? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பனி மட்டும். பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். மேலிருந்து லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. லாரி உரசாமல் போனதும் வண்டியைப் பாறைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! சக்கரத்துக்குக் கல்லு கொண்டாங்க, வெரசா!"

பன்னிரண்டு பேரும் பனியில் இறங்கி ஆளுக்கொரு கல்லைத் தூக்கி வந்தார்கள். நான் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நுழைந்தேன். நாலு டயரையும் தடவினேன். நாலும் கல் மாதிரி இருந்தன. அப்படியானால் பிரேக்தான். அப்படியானால் இன்னும் ஒரு வளைவு போயிருந்தால்... அந்த நிலையிலும், "பயப்படாதீங்க, நான் சும்மா படுத்துப் பார்க்குறேன்" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன்.

புஸ். புஸ். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். புஸ் நின்றது. திரும்பப் போட்டார்கள். புஸ் வந்தது.

அக்கா குனிந்து வண்டிக்கடியில் என் முகத்தைத் தேடினார்.

"தம்பி, பாட்ட நிறுத்துனா பிரேக்கு சரியாயிருது போல."

வெளியே வந்தபோது என் சட்டை முதுகில் பாதி மலை ஒட்டியிருந்தது. பெட்டியின் குழாய் முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு டம்முக்கும் காற்று சைக்கிள் பம்பு மாதிரி அடித்தது. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதம். கேட்டில் நின்ற சூப்பர்வைசர், "எந்தா இது?" என்று மலையாளத்தில் கேட்டுக் கையைத் தூக்கினார். அன்றைக்கு அந்தப் பெண்கள் திட்டு வாங்கியது என்னால்.

"நாளைக்கு ஒரு நாள். அவ்வளவுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டாளியின் கடைக்குப் போனேன். அவன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"மூக்கடைச்சவன் மூச்சு விடுற மாதிரி வச்சிருக்கியே. பத்து இஞ்சு வூஃபரு தள்ளுற காத்து பூராம் இந்தப் பொந்து வழியா போகணும்னா அது சீறாம என்ன செய்யும்?"

"சரி, மூணா வைக்கவா?"

"மூணு வச்சா குழாய் பத்தரை இஞ்சு நீளம் வேணும். ஒன் பெட்டி உள்ள ஆழம் பதினஞ்சு. நேரா நிக்கும், சோலி சுலபம். அளவாப் பாட்டு வச்சா சீறாது."

"நாலு?"

"குழாய் அகலமாக அகலமாக நீளமும் கூடணும், இல்லன்னா டம்மு மாறிப் போகும். நாலுக்குப் பத்தொம்பதரை. பெட்டிக்குள்ள எல்போ போட்டு மடக்கணும். குழாயோட உள்வாய்க்கும் பலகைக்கும் நடுவுல நாலு இஞ்சாவது எடம் விடணும். ஆனா எவ்வளவு வச்சாலும் சீறாது." என் முகத்தைப் பார்த்தான். "ஒங்கூட்டம் எவ்வளவு வைக்கச் சொல்லும்?"

"முழுசா."

"அப்பறம் என்ன கேள்வி?"

கேள்வி இருந்தது. ஓட்டையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. வூஃபர் உட்காரும் வட்டத்துக்கும் புது ஓட்டைக்கும் நடுவில் ஒரு விரல் பலகைதான் மிஞ்சும். ரம்பம் ஒரு நூல் விலகினால் ரெண்டு ஓட்டையும் ஒன்றாகிவிடும். வேறு பலகை வாங்கக் கடை கிடையாது. ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று என்றால் அந்த ஆபத்து இல்லை. மூன்று, மூன்று என்று மனசு கெஞ்சியது. ரெண்டு இஞ்சையும் இதே மனசுதான் தேர்ந்தெடுத்தது என்பதால் அதை நம்பாமல் நாலுக்குக் கோடு போட்டேன்.

"நீ அறுடா" என்றேன்.

"ஒன் பெட்டி, ஒன் கூட்டம், நீயே அறு."

அறுத்தேன். அந்த ஒரு விரல் இடத்தில் ரம்பம் போனபோது மூச்சை அடக்கியதில் கண் இருட்டியது. பலகை நின்றது. அவன் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழாயும் எல்போவும் கொண்டுவந்தான்.

"டேய், இது கக்கூஸ் பைப்பு."

"புதுசுதான். மோந்து பாரு."

செவ்வாய்க்கிழமை ஏழாவது வளைவில் பாட்டை முழுசாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். புஸ் இல்லை. டம் நெஞ்சில் வந்து தட்டியது. ஒன்பதாவது வளைவில் ஒரு கை விட்டு மீசையைத் தடவினேன். பத்தாவது வளைவில் டம் செத்துப்போனது. வெறும் தகர டப்பா, உள்ளே ஈ.

வூஃபர் கருகிவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். மோப்பம் பிடித்தேன், வாடை இல்லை. நிறுத்தினால் தாமதம், நிறுத்தாவிட்டால் பச்சை ஜீப்பு. வேர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தாமலே கேட் வரை ஓட்டினேன்.

எல்லாரும் இறங்கிய பிறகு பின்னால் போய்ப் பார்த்தேன். குழாய் வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் தாள் உருண்டு சொருகியிருந்தது. மழைக்கு முதுகில் போர்த்துவார்களே, அந்தத் தாள். உருவினேன். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வெற்றிலைப் பொட்டலம்.

"அது என் தாளு" என்று ஒரு பெண் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். "சாமான் வைக்கத்தான ஓட்டை விட்டிருக்கீகன்னு நெனச்சேன்ணே."

அக்கா கேட்டுக்குள் போய்விட்டார். நான் அன்றைக்கு முழுக்க ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோன சோறு அப்படியே இருந்தது.

வேலை முடிந்து கூட்டம் கேட்டைத் தாண்டி வந்தது. பச்சை ஜீப்பு முன்னால் நின்றது, என்னுடையது அதற்குப் பின்னால். பன்னிரண்டு பேரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேறு எங்கோ பார்ப்பது போல வானத்தைப் பார்த்தேன்.

அக்கா நேராக வந்து என் வண்டியின் பின்கதவைத் திறந்தார். "ஏறுங்கடி. எவளும் அந்தக் குழாய்க்குள்ள எதையும் திணிக்கக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "டம்மு நல்லாத்தான் இருக்கு. ஆனா காலையில வைக்காத தம்பி, மனுசி கொஞ்சம் கண்ணசர வேண்டாமா? எறங்கும்போது வை."

"எவ்வளவுக்கா வைக்கட்டும்?"

"அளவா வை. தல வலிக்குது."

அளவாக வைத்தேன். மூன்று இஞ்சே போதுமாக இருந்திருக்கும்.