பெரிய நண்டுக் கொடுக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எதற்கும் சீக்கிரம் பயந்துபோவேன். பழவேற்காடு ஏரியில் என் வீட்டுக்காரர் பிடித்து வரும் நண்டின் பெரிய கொடுக்கு, அன்றைக்கு அதிக வேலை செய்த பிள்ளைக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். மகள் செல்வியும் மகன் முருகனும் போட்டி போட்டு வாசல் பெருக்கினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒருநாள் கருவாடு காயப்போட்டுவிட்டு வந்தால் ஏழு வயது செல்வியைக் காணோம். குடத்தையும் கயிற்றையும் காணோம். கைப்பிடிச் சுவர் இல்லாத எங்கள் ஊர்க் கிணற்றுக்கு ஓடினேன். விளிம்பில் குனிந்து நின்றவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தேன்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"முருகன் பாத்திரம்லாம் தொலக்கிட்டான்மா. நான் தண்ணி மொண்டாந்தா எனக்குத்தான கொடுக்கு?"

அடிக்க ஓங்கிய கையால் அவளை அணைத்துக்கொண்டேன்.

இப்போது யாருக்கு எந்த வேலை என்று காலையிலேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றுக்கு என்னோடுதான் வரவேண்டும். நண்டுக்குத்தான் இரண்டு கொடுக்கு இருக்கிறதே, வேலை முடித்தால் ஆளுக்கு ஒன்று.

நேற்று சாப்பிடும்போது செல்வி கேட்டாள்: "நைனாவுந்தான் வலை இழுத்தாரு, அவருக்கு?" கேட்டுவிட்டு, தன் கொடுக்கை உடைத்துப் பாதிச் சதையை அவர் தட்டில் வைத்தாள்.