உண்ணி கடிச்ச என்ர மனுசியைப் பிள்ளையார் திருப்பித் தந்தார்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலமை, என்ர மனுசி தவமணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, என்னைப் பாத்து, "தம்பி, உங்களுக்கு எத்தினை ரோல்ஸ் வேணும்?" எண்டு கேட்டா.

பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சன். அவ சிரிக்கேல்லை. பேரப்பிள்ளை கண்ட மனுசி, கட்டின புருசனை எங்கட ரோல்ஸ் கடைக்கு வந்த ஆரோ பெடியன் எண்டு நினைச்சுக்கொண்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிண்டா.

அடியார்களே, கொஞ்ச நாளாவே அவவுக்குக் காய்ச்சல், தலையிடி, சாப்பிட்டால் சத்தி. வெயில் பட்டது எண்டு மல்லித்தண்ணி அவிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தம். அண்டைக்குப் பின்னேரம் மொன்றியல் கோட்-டெ-நெய்ஜில ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண் திறக்காமல் கிடந்தா.

என்னை உங்களில கனபேருக்குத் தெரியும். தெரியாதவை லாசாலில ஆரையும் நிப்பாட்டிக் கேளுங்கோ. அஞ்சாம் வகுப்புக்கு மேலை படிக்கேல்லை. கோப்பை கழுவித் தொடங்கினனான். பேந்து சொந்தக் கடை. மொன்றியலில ஒரு கலியாண வீட்டில ரோல்ஸ் ருசியா இருந்தால் அது என்ர கடை ரோல்ஸ். ருசி இல்லாட்டி அது வேற ஆற்றையோ. பள்ளிக்கூடம் போகாமல் பிரெஞ்சு பழகி, பிரெஞ்சுக்காரனோடயே பிரெஞ்சில சண்டை பிடிச்சு வெண்டிருக்கிறன். எனக்கு முடியாத காரியம் எண்டு ஒண்டு அதுவரைக்கும் இருக்கேல்லை.

ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில நான் ஒரு சதத்துக்கும் உதவாத ஆளா இருந்தன்.

நாரியில, முதுகெலும்புக்குள்ள ஊசி குத்தி நீர் எடுத்தினம். ஸ்கான் எடுத்தினம். மூளையில வீக்கம் எண்டினம். ஏன் வந்தது எண்டு தெரியேல்லை. டொக்டர் அம்மா கேள்வி மேல கேள்வி. ஊருக்குப் போனவவோ? நுளம்பு கடிச்சதோ? காட்டுப் பக்கம் போனவவோ? "இல்லை, இல்லை, இல்லை" எண்டுதான் நானும் மகள் சுபாவும் சொன்னம். காடு எண்டால் எங்களுக்குக் கூடாரம் அடிக்கிற வெள்ளைக்காரற்றை காடுதானே.

சுபா வீடு ஆத்துக்கு அங்காலை, லொங்குய்ய் தாண்டி. குளிச்சு உடுப்பு மாத்த அங்கை போனன். அவள் பிஸ்கெட் எண்டு ஒரு நாய் வளர்க்கிறாள். நாய் வீட்டுக்குள்ள வாறது எனக்குப் பிடிக்காது. அண்டைக்கு அது வந்து என்ர மடியில தலையை வைச்சுது. தள்ளப் போன கையில காதுக்குப் பின்னால ஒரு மொளி தட்டுப்பட்டுது. விலத்திப் பாத்தன். ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளை நான். இதைத் தெரியாதோ?

"பிள்ளை, உண்ணியடி!"

"கையால பிடுங்காதேங்கோ அப்பா! சாவணம் எடுத்தாறன்."

"கனடாவில ஏதடி உண்ணி?"

"இருக்கப்பா. பின்னால பற்றை முழுக்க இருக்காம். நாயை அங்கை விடாதேங்கோ எண்டு பக்கத்து வீட்டு மனுசி சொன்னவ."

பின்னால பற்றை. நாங்கள் ரெண்டு பேரும் ஒராளை ஒராள் பாத்தம். ஒவ்வொரு சதுர்த்திக்கும் பிள்ளையாருக்கு மாலை கட்டத் தவமணி புல்லுப் பிடுங்கிறது அந்தப் பற்றை ஓரத்திலதான். இங்கை அறுகு இல்லை, அறுகு மாதிரி ஒரு புல்லு. சாமிக்குப் பிடுங்கேக்கை செருப்புப் போடக்கூடாது எண்டு வாசல்ல கழட்டி வைச்சிட்டு, வெறுங்காலோட, சீலையை முழங்கால் மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு அதுக்குள்ள இறங்குவா.

உண்ணியைப் போத்தலில போட்டு டொக்டரம்மாவிட்டைக் கொண்டு ஓடினம். அவ விளங்கப்படுத்தினா. பற்றைக்குள்ள வளை தோண்டுற மார்மொத், அணில், எலி இதுகளின்ர ரத்தத்தில ஒரு வைரஸ் இருக்காம். பேர் பொவாசன். உண்ணி அதுகளில குடிச்சிட்டுப் பேந்து மனிசரைக் கடிக்குமாம். சின்ன உண்ணி கசகசா அளவுதானாம், கடிச்சதும் தெரியாதாம். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிச்சினம். பேந்து வந்த முடிவும் அதுதான்.

"அப்ப மருந்தைக் குடுங்கோவன்" எண்டன்.

"இதுக்கு மருந்து இல்லை, முசியூ. நாங்கள் தாங்கிப் பிடிக்கலாம். அவதான் எழும்ப வேணும். எழும்பினாலும் பழைய ஆளா இருப்பா எண்டு சொல்ல ஏலாது."

சுவிசில இருக்கிற என்ர தம்பிக்கு ரெலிபோன் எடுத்தன். அங்கையும் இதுக்குச் சொந்தக்கார வைரஸ் ஒண்டு இருக்காம். அதுக்குத் தடுப்பூசியும் இருக்காம். இதுக்கு அதுவும் இல்லை.

நேரை கோயிலுக்குப் போனன். சும்மா சொல்லக்கூடாது, கோவமாத்தான் போனன். பிள்ளையாருக்கு முன்னால நிண்டு கேட்டன்: "உன்ர வேலைக்குப் போன இடத்தில அவவுக்குக் கடிச்சது. என்ர கடையில வேலை செய்யிறவைக்கு எண்ணெய் பட்டால் நான் கூட்டிக்கொண்டு ஓடிறேல்லையோ? உன்ர வேலையாளை நீ பாக்கிறேல்லையோ?"

கேட்ட கையோட காதைப் பிடிச்சுக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினன். இந்த முழங்காலை வைச்சு நான் போட்டதைப் பெடியங்களும் போடமாட்டாங்கள். ஐயர் ஓடி வந்தார்.

"அண்ணை, காணும் விடுங்கோ. நீங்களும் ஆஸ்பத்திரியில படுக்கப் போறியளோ?"

"படுத்தால் அவவுக்குப் பக்கத்துக் கட்டில்ல படுக்கிறன், ஐயா."

இறங்கினன், எழும்பினன், இறங்கினன். கணக்குக் கேக்க வந்தவன், கடைசியில, "அப்பனே, அவ என்னை ஆரெண்டு அறிஞ்சால் காணும், வேற ஒண்டும் கேக்கமாட்டன்" எண்டு நிலத்தில இருந்து அழுதன். அழ அழ நெஞ்சுக்குள்ள ஒரு குளிர்ச்சி வந்துது. அதை எனக்கு எழுதத் தெரியாது. அனுபவிச்சவைக்கு விளங்கும்.

அடுத்தநாள் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள போனன். கட்டில்ல ரெண்டு கண் திறந்து என்னையே பாத்துக்கொண்டிருந்துது. சொண்டு அசைஞ்சுது. கிட்டப் போய்க் காதைக் குடுத்தன்.

"இஞ்சருங்கோ... ஏன் நொண்டுறியள்?"

பிள்ளையாரப்பா! தம்பி எண்டு கூப்பிட்ட வாய், கட்டின நாள் துவங்கி என்னைக் கூப்பிடுற மாதிரி "இஞ்சருங்கோ" எண்டுது! நான் போட்ட சத்தத்தில தாதிமார் ஓடி வந்திச்சினம். பெரிய உடம்புக்காரத் தாதி ஒருத்தி என்னைக் கட்டிப் பிடிச்சு "பிறாவோ, பிறாவோ" எண்டாள். டொக்டரம்மாவும் கண்ணைத் துடைச்சதை நான் கண்டன்.

உடன எல்லாம் சரியாகேல்லை. நடக்கப் பழக்கிச்சினம். கரண்டி பிடிக்கப் பழக்கிச்சினம். இப்பவும் இடக்கை கொஞ்சம் நடுங்கும், கெதியாக் களைச்சிடுவா. அதால என்ன? இப்ப ரோல்ஸ் நான் உருட்டிறன், அவ பக்கத்தில இருந்து பிழை பிடிக்கிறா. புல்லும் நான்தான் பிடுங்கிறன், நீட்டு றப்பர்ச் சப்பாத்துப் போட்டு, காற்சட்டையைக் கால் மேசுக்குள்ள செருகி. பிள்ளையார் ஒண்டும் கோவிக்கேல்லை. பிஸ்கெட்டுக்கு உண்ணி மருந்து வாங்கிறது என்ர பொறுப்பு. பைரவற்றை வாகனத்துக்கு இடம் குடுக்காமல் இருந்த எங்கட வீட்டில, இப்ப அது வந்தால் சோபாவில படுக்குது.

அடியார்களே, டொக்டர்மார் கையை விரிச்சாலும் உங்களுக்கு ஒரு கதவு இருக்கு. போய்த் தட்டுங்கோ. கோவம் எண்டால் கோவத்தோடயே போங்கோ, அவர் தாங்குவார். புல்லுக்குள்ள போய் வந்தால் பிள்ளையளின்ர காலையும், நாயின்ர காதையும் தடவிப் பாருங்கோ.

நம்பாதவை வாற சதுர்த்திக்குக் கோயிலுக்கு வந்து தவமணியையே கேளுங்கோ. "இந்த மனிசன் சொன்னதில பாதி புளுகு" எண்டு சொல்லுவா. சொல்லட்டும். சொல்லுறதுக்கு அவ இருக்கிறா.