புரட்டாதிச் சனியும் அத்தானின் மட்டன் ரோல்ஸும்

இன்று தேம்ஸ் கரை மண்டபமொன்றில் கலியாண வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் மன்னார் கத்தோலிக்கர். மேசை முழுக்க இறைச்சி, மீன் என்று மச்சம். எங்கள் அத்தானுக்கோ புரட்டாதிச் சனி விரதம்.

அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து மரக்கறிச் சோற்றைக் கிளறியவர், திடீரென்று எழும்பினார்.

"வெக்கையாக் கிடக்கு. ஆத்துக் காத்து வாங்கிக்கொண்டு வாறன்."

வெளியே பல்லுக் கிடுகிடுக்கும் குளிர்.

சற்று நேரத்தில் மண்டபமே சிரித்தது. வீடியோக்காரர் ஆற்றைப் படம்பிடிக்க பால்கனிக்குப் போயிருந்தார். அவர் பிடிப்பதெல்லாம் உள்ளே பெரிய ரீவித் திரையில் ஓடும்.

ரீவியில் அத்தான்! கையில் பாதி கடித்த மட்டன் ரோல்ஸ். மறுமுனையைக் கவ்வியபடி ஒரு கடற்புறா. இருவரும் விடுவதாயில்லை. கடைசியில் கடற்புறாதான் வென்றது.

அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்ல காத்து" என்றார்.

"ஓம், எல்லாரும் பாத்தனாங்கள்" என்றாள் அக்கா.

அத்தான் அசரவில்லை. "விரதத்துக்குக் காகத்துக்கு வைக்கவேணுமெல்லே? அதுக்குத்தான் போனனான். லண்டன் காகம் வெள்ளை."

"அப்ப காகம் தின்னமுன்னம் பாதியைக் கடிச்சது ஆர்?"

பதில் தெரிந்தவர்கள் இந்த வாட்ஸ்அப் குழுவில் உடனே எழுதுங்கள். பதில் வரும்வரை அக்கா வீட்டுக்குள் விடமாட்டாளாம்; அத்தான் எங்கள் வீட்டுச் சோபாவில் போர்வையோடு காத்திருக்கிறார்.