ஏழு எங்கே இருக்கிறாள்?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஒருநாள் கூடலாம் என்று முடிவானபோது, ஆள் தேடும் பொறுப்பை மூணாம் நம்பர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூணாம் நம்பர் என்பது அவள் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்துக் கொடுத்த போர்டின் எண். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெயரில் வாழ்ந்தவள்.

நாற்பது பேரின் முகவரியைச் சேர்த்தாள். மண்டபம் பார்த்தாள், சாப்பாட்டுக்குச் சொன்னாள். பட்டியலைப் பார்த்த சூப்பர்வைசர் அக்கா கடைசி வரியில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். "யாரு இது, ஏழு?"

"பக்கத்து ஊரு எக்ஸ்சேஞ்சுல ஏழாம் போர்டு. பேரு தெரியாது."

"நம்ம ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான்னு பேசினோமே!"

"ஒரே ஒருத்திதான் அக்கா. கண்டுக்காம விடுங்களேன்."

மூணும் ஏழும் பதினோரு வருஷம் லைனில் பேசியவர்கள், ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பெல்லாம் என்ன வாயாடினார்கள்! இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் அரை நிமிஷத்தில் மாமியார் தொல்லை முதல் பிள்ளையின் பல்வலி வரை ஓடும். ஒரு மத்தியானம் மட்டும் ஏழு வம்பளக்கவில்லை. "மூணு, உன் பொறந்த வீட்டுலேருந்துதான் கால். முதல்ல உக்காரு. உக்காந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இணைப்புக் கொடுத்தாள். அப்பா போய்விட்டார் என்று அண்ணன் அழுதான். மறுமாதம் அவள் வேலைக்குத் திரும்பியபோது ஆள் இல்லாமல் இணைக்கும் கருவி வந்துவிட்டிருந்தது, ஏழோடு பேச வழியில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அவளை இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஏழின் ஊர் எக்ஸ்சேஞ்சில் ஓய்வுபெற்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தாள். ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டினார். "பையனுக்குப் பொண்ணு தேடுறப்பகூட நீ இவ்வளவு மெனக்கெடலை" என்று கணவர் சிரித்தார். பதினெட்டாவது ஆள் ஒரு நம்பர் கொடுத்தார்.

மருமகள்தான் எடுத்தாள். "அத்தைக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க. சொல்லுங்க, எழுதிக் காட்டுறேன்."

குரலைத் தவிர மூணுக்கும் ஏழுக்கும் நடுவே வேறென்ன இருந்தது?

"மூணு பேசுறேன்னு எழுதுங்கம்மா."

சற்றுப் பொறுத்து, அதே கரகரத்த குரல், போனே அதிர வந்தது. "அடிப்பாவி! மூணா? எங்கடி தொலைஞ்சே இத்தனை வருஷமா?"

மருமகள் எழுத எழுத, விழா விவரம் முழுக்கப் போனது.

"செவிட்டைக் கூப்பிட்டு என்னடி பண்ணப் போறே? நீங்கல்லாம் கதை பேசுவீங்க, நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? போடி, நான் வரலை."

மூணாம் நம்பருக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. "எழுதுங்கம்மா. எங்கப்பா போன அன்னிக்கு என்னை உக்கார வச்சவ நீ. பேசுனதெல்லாம் போதும், உன்னைப் பார்க்கணும்னு எழுதுங்க. இப்படியே எழுதுங்க."

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏன்டி," என்றது ஏழின் குரல், இப்போது தணிந்து. "நான் ரொம்பக் குள்ளம். பார்த்துட்டுச் சிரிக்க மாட்டியே?"