செத்தவனின் மூச்சு

குண்டடிபட்டு மணலில் விழுந்தவனின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. "மாப்ளே, செத்தவன் மூச்சு விடுதான், பாத்தியா?" என்று தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தார் அத்தான். தொடை என்னுடையது.

தொண்ணூறுகளில் ஜாதவ்பூரில் படித்தபோது, பாலிகஞ்சில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. திருநெல்வேலிக்காரர், கல்கத்தாவில் எத்தனை வருடம் இருந்தும் பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவில்லை. ஞாயிறு மத்தியானம் எங்கள் தெரு கேபிள்காரர் பழைய கௌபாய் படம் ஏதாவது போடுவார். காசில்லாமல் எடுத்த படங்கள். ஊரே கொள்ளை போகும், ஊரில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். எந்தக் கதைக்கும் அதே மொட்டைப் பாறை, அதே செவலைக் குதிரை. போன வாரம் செத்தவன் இந்த வாரம் தபால் வண்டி ஓட்டுவான். அத்தானுக்கு அந்தக் குறைகள்தான் படமே. ஆனால் கடைசியில் கதாநாயகன் தனியே குதிரையேறிப் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேட்டால் பக்கத்து வீட்டுக் கடுகெண்ணெய்ப் புகை என்பார். கிறுக்குக் கூட்டம் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பிணத்தின் மூச்சை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குள் பந்தயம். தோற்றவர் டீ போட வேண்டும். பெரும்பாலும் அவர்தான் போட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். மருந்தும் பலிக்கவில்லை, அக்காவின் வேண்டுதலும் பலிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார்: "உசிரோட இருக்கவனுக்கு இம்புட்டுக் கஷ்டம். அந்தப் பயலுவ செத்தும் சொகமா மூச்சு விட்டானுவ, மாப்ளே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, டி.வி. இருந்த அதே கூடத்தில் கிடத்தினோம். நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளப் பெண் சம்பங்கி மாலை கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதாள். அக்கா அழவில்லை. அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நீதான் டக்குனு கண்டுபிடிப்பியே. ஏறி எறங்குதுல்லா? நல்லாப் பாருடா."

பார்த்தேன். அவர் மேல் போர்த்தியிருந்த வேட்டி மெல்ல ஏறி இறங்கியது. இன்னும் கிட்டத்தில் குனிந்தேன். பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

இப்போது வருகிற படங்களில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. செத்தவன் அசையாமல் கிடக்கிறான். என்னால்தான் பார்க்க முடியவில்லை.