பிரேக்குக்குள் புகுந்த காற்று

யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அப்பா பழைய கார் ஒன்றை வாங்கினார். மாதுங்காவில் மூன்று அறைகளில் பதினோரு பேர் இருந்த எங்கள் வீட்டில் அதைக் கண்டு மகிழாதவர் பெரியப்பா ஒருவர்தான். அவரைச் சமாதானப்படுத்த, முதல் சவாரிக்கு அவரையே முன்னால் உட்காரவைத்தார் அப்பா. பின் ஸீட்டில் நான். எனக்கு எட்டு வயது.

கிங்ஸ் சர்க்கிளில் ஓர் எருமை நடுச்சாலையில் நின்றுவிட்டது. அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் ஓர் எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை போயிற்று. மூன்றாவது மிதிக்குத்தான் கார் நின்றது. அப்போது எருமையின் வால் பானெட்டின்மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"அரே, அந்தா ஹை க்யா?" கண் தெரியவில்லையா என்று மாட்டுக்காரன் கத்தினான்.

பெரியப்பா இறங்கி வீட்டுக்கு நடந்தே போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரியாகல்லேன்னா வித்துடு. கொழந்தைகளை இதுல ஏத்தப்படாது."

அப்பா ஆபீஸ் குமாஸ்தா. ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பிரேக் ஆயில் ஊற்றினார். சனிக்கிழமை ஊற்றியது ஞாயிறு காலையில் குறைந்திருந்தது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது.

அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பகலில் அவளும் அப்பாவும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை. காபி ஆறுகிறது என்பதுகூட என் மூலமாகத்தான் போகும். அன்றும் என்னைத்தான் கூப்பிட்டாள். "பின் சக்கரத்தண்ட தரை ஈரமா இருக்குன்னு அப்பாட்ட சொல்லு."

நான் சொல்வதற்குள் அப்பா குனிந்துவிட்டார். சக்கரத்துக்குப் போகும் குழாயின் மூட்டு தளர்ந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது. முறுக்கினார். ஆனால் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றையும் வெளியேற்ற வேண்டுமாம். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தருகே உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். என் கால் எட்டவில்லை. பெரியப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீ சித்த வரியா?" என்றார் அப்பா, அண்ணாந்து, நேராக அம்மாவைப் பார்த்து.

ஒன்பது கஜப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா டிரைவர் ஸீட்டில் ஏறினாள்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"விடாதே... விடாதே... இப்ப விடு!"

திருகில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் நழுவி, ஆயில் அப்பாவின் மீசையில் பீச்சியது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஏன்னா, அபிஷேகமா?" ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. காரின் அடியிலிருந்து அப்பாவும் சிரித்தார்.

அப்பா திரும்ப மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனை கிடந்த பாட்டிலில் குமிழிகள் வந்துகொண்டே இருந்து, பிறகு நின்றன. அன்று மாலை தாதர் வரை போய்வந்தோம். பெரியப்பா வழியெல்லாம் "நிறுத்து, பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லிச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் கார் நின்றது. திரும்பும்போது ஹாரனையும் அவரே அடித்தார்.

அடுத்த ஞாயிறும் அப்பா இன்னும் கொஞ்சம் காற்று இருக்கிறது என்றார். அம்மா உடனே இறங்கி வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு, அவர்கள் வருவதற்குள் நான் காரில் ஏறி, நின்றபடி பெடலை மிதித்துப் பார்த்தேன்.

அவர்கள் வந்ததும், "அப்பா, கல்லு மாதிரி இருக்கு. காத்தே இல்லே!" என்றேன்.

அம்மா அவசரமாக ஸ்டியரிங்கைத் துடைக்கத் தொடங்கினாள். அப்பா அதற்குள் காருக்கடியில் போய்விட்டார். "உனக்குத் தெரியாது. உள்ள இருக்கு" என்று குரல் மட்டும் வந்தது.

பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அத்தனை பெரிய புத்தகத்தைப் படித்தும் அப்பாவுக்கு இது புரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.